துவரம்பருப்பு கிலோ என்ன விலை?

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். செல்போன் ஆப்பில் ஆர்டர் போட்டு வந்து இறங்கிய மளிகைப் பையைப் பிரித்துக்கொண்டே, "துவரம்பருப்பு கிலோ என்ன விலைடா போட்டிருக்கான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூப்பன் போட்டதில் 212 ரூபாய் மிச்சம் என்று பச்சை எழுத்தில் வந்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. அதைச் சொன்னேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, பருப்பை டப்பாவில் கொட்டப் போய்விட்டார்.

அம்மாவுக்கு இன்றைக்கும் விலை தலையில்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் லிஸ்ட் எழுதி அண்ணாச்சி கடையில் கொடுப்பார். அண்ணாச்சி கூட்டிப் போடும்போது, "போன மாசம் உளுந்து மூணு ரூபா கம்மியாத்தானே போட்டீங்க" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே ஒரு ரூபாயாவது குறைப்பார். ஒரு காலத்தில் டீத்தூள் பாக்கெட்டோடு எவர்சில்வர் கரண்டி இலவசமாக வந்தது. அம்மா கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கரண்டிக் காசைக் குறைச்சுக்கங்க" என்று கேட்டது எனக்கு அப்போது மானக்கேடாக இருந்தது. இப்போது யோசித்தால், கூப்பனைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

என் கட்சி இதுதான்: விலை தெரியாதவனிடம்தான் கூப்பன் வேலை செய்யும். ஆப்பில் குறுக்கே அடித்துக் காட்டும் விலை எம்.ஆர்.பி. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். பருப்பையும் எண்ணெயையும் எங்கள் தெருக் கடையிலேயே யாரும் அந்த விலைக்கு வாங்குவதில்லை. அதிலிருந்து 20 சதவீதம் தள்ளுபடி என்றால் எதிலிருந்து தள்ளினார்கள்? போதாக்குறைக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. மனதில் நிற்க விட்டால்தானே?

அம்மா ஊருக்குப் போன பிறகு உட்கார்ந்து மூன்று மாத பில்லைப் பார்த்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 599 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 75 தள்ளுபடி. எங்களுக்கு வேண்டியிருந்தது 540 ரூபாய்க்குத்தான். வரம்பைத் தாண்ட 89 ரூபாய்க்கு ஏதோ ஓட்ஸ் பிஸ்கட் சேர்த்திருக்கிறேன். 629, தள்ளுபடி போக 554. "89 ரூபாய் சாமான் 14 ரூபாய்க்குக் கிடைத்திருக்கிறதே" என்பீர்கள். கிடைத்தது. அதை எறும்பு தின்றது. இப்படி லிஸ்டிலேயே இல்லாத சாமான் பதினோரு தடவை வீட்டுக்குள் வந்திருக்கிறது.

சரி என்று ஒரு பழைய டைரியை எடுத்து விலை எழுத ஆரம்பித்தேன். தேதி, கடை, எடை, விலை, கிலோவுக்கு எவ்வளவு. அந்தக் கடைசிக் கட்டம்தான் எல்லாம். முன்பு பிஸ்கட், டீத்தூள், உப்பு, சமையல் எண்ணெய் போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதியில் ஓர் அட்டவணை இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்த எடையிலும் போடலாம். பதிலுக்கு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். அச்சிடுகிறார்கள், எறும்பு படிக்கும் அளவில். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். எங்கள் கடை அலமாரியில் அதே உயரத்தில், அதே சூரியகாந்திப் படத்தோடு பக்கத்தில் நிற்கும் பாக்கெட்டில் 850 கிராம்தான். பத்து ரூபாய் மலிவு என்று அதைத்தான் நான் ஒரு வருடமாக வாங்கியிருக்கிறேன்.

எடை விளையாட்டு எப்போதும் நமக்கு எதிராகத்தான் என்றும் சொல்ல முடியாது. அரிசி மூட்டை 26 கிலோவில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் போனால் கிடையாது. கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 25 கிலோ மூட்டைக்கு வரி மட்டும் 75 ரூபாய். ஒரு கிலோ கூடப் போட்டால் அந்த வரியே இல்லை. எந்த ஆப்பிலும் எதையும் தட்டாமல் கிடைக்கிற கூப்பன். என்ன, மொத்தமாகக் கொடுக்கக் கையில் காசு வேண்டும். அன்றாடம் கூலி வாங்கி இரண்டு கிலோ பை வாங்குகிறவர்தான் அந்த வரியையும் கட்டுகிறார். சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது இது எனக்கு உறுத்தாமல் இருப்பதில்லை.

ரேஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டம். எந்த ஆப்பும் இந்த விலைக்குக் கனவில்கூடத் தராது. ஆனால் கூப்பனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அபார்ட்மெண்ட் குரூப்பில் பெருமையாகப் போடுகிற நாங்கள்தான் ரேஷன் பையை மடித்து அக்குளில் ஒளித்துக்கொண்டு போகிறோம். இரண்டும் தள்ளுபடிதானே, இதில் எது கௌரவக் குறைச்சல்?

காய்கறிக்கு அண்ணாநகர் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்தது எங்கள் மதுரையின் இந்தச் சந்தைதான். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். பேரம் பேசத் தெரியாத எனக்கு அந்தப் பலகை போதும். சீக்கிரம் எழுந்து போக வேண்டும், அதுதான் கஷ்டம்.

அப்புறம் வருடச் சாமான். மாசி, பங்குனியில் புதுப் புளி, புது மிளகாய் வரும். கீழமாசி வீதிக்குப் போய் புளியும் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் வருடத்துக்கு ஆகும் அளவு மொத்தமாக வாங்கி வந்தேன். டைரியில் எழுதும்போது மாதாமாதம் பாக்கெட்டில் வாங்கியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஒரே சந்தோஷம். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "ஏங்க, நோட்டுல எழுதுறது நீங்க. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, மொட்டை மாடி வெயில்ல காய வைக்கிறது யாரு? அந்தக் கூலியை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்றாள் மனைவி. பதில் இல்லை. அடுத்த ஞாயிறு அரிவாள்மணை முன் உட்கார்ந்து ஆறு கிலோ புளிக்கு நானே கொட்டை எடுத்தேன். இடுப்பு போய்விட்டது. ஒன்று புரிந்தது. நம் வீடுகளில் சிக்கனம் என்று பெருமையாகச் சொல்வதில் பாதி, பெண்கள் சம்பளமில்லாமல் பார்த்த வேலை. பாக்கெட் புளி வாங்குகிறவரை இனிமேல் நான் ஊதாரி என்று சொல்ல மாட்டேன்.

ஆப்பை அழிக்கவில்லை. கொஞ்ச நாள் பக்கமே போகாததால் போன வாரம் அதுவே கூப்பிட்டது. 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 100 தள்ளுபடியாம். டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தேன். முழு ஒரு லிட்டர் எண்ணெய் கடையில் 158, அங்கே 149. நான்கு பாக்கெட் 596, நூறு போக 496, கையாளும் கட்டணம் என்று ஒரு பத்து, ஆக 506. கடையில் 632 ஆகியிருக்கும். நான்கு எண்ணெய் பாக்கெட், வேறொன்றும் இல்லை. பணம் கட்டப் போகும்போது, இதோடு அப்பளமும் சேர்க்கலாமே என்று கேட்டது. வேண்டாம் என்று மூடினேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் அப்பளம் நிஜமாகவே தீர்ந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன்.