அறுந்துபோகும் அலை: ஆளில்லா வானூர்திகள் பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு கருத்து

2024 டிசம்பர் இறுதியில் திருகோணமலைக் கடலில் மீனவர்கள் ஓர் ஆளில்லா வானூர்தியைக் கண்டெடுத்துக் கரைசேர்த்த செய்தி வந்தபோது, அது எந்த நாட்டுடையது, யாரை வேவு பார்க்க வந்தது என்ற கேள்விகளே முகநூல் முழுவதும் ஓடின. அது ஏன் கடலில் விழுந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். உயர்தர வகுப்பில் தொழினுட்பவியல் கற்பிப்பவன் என்ற வகையில் எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் பட்டது. உக்ரேன், ஈரான் என்று எந்தப் போர்ச் செய்தி வந்தாலும், டிரோனின் வீச்சு எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை கிலோ வெடிமருந்தைச் சுமக்கும் என்பவற்றையே நம்மவர்கள் பட்டியலிட்டுப் பகிர்கிறார்கள். அந்த எண்கள் எவையும் இந்தத் துறையின் உண்மையான சிக்கலைத் தொடுவதில்லை.

பறக்கும் உடலைச் செய்வது இன்று பெரிய வித்தை அல்ல. மின்கலத்தில் ஓடுபவற்றுக்குச் சக்திதான் எல்லை என்பது உண்மையே. ஒரு கிலோ பெற்றோலில் உள்ள சக்தி ஒரு கிலோ லித்தியம் பற்றரியில் உள்ளதைப் போல ஏறக்குறைய 50 மடங்கு; ஆகவேதான் நான்கு விசிறி வைத்த சிறிய டிரோன் அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடுகிறது, பெற்றோல் இயந்திரம் பூட்டியது பல மணித்தியாலம் நிற்கிறது. ஆனால் வானில் இருக்கும் கருவிக்கும் தரையில் இருக்கும் மனிதனுக்கும் இடையிலான வானொலி இணைப்புத்தான் இத்துறையின் உயிர்நாடி. தன் இணைப்பைக் காப்பது, எதிரியின் இணைப்பை அறுப்பது, இணைப்பு அறுந்தபின் கருவி தானாக என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகிய மூன்றையும் சுற்றியே இராணுவ ஆராய்ச்சியின் பெரும்பகுதி நடந்து வந்திருக்கிறது.

நம்மவர்கள் இதைக் கவனிக்காததற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை விமானப்படை 1996 முதல் இஸ்ரேலியத் தயாரிப்பான வேவு வானூர்திகளைப் பயன்படுத்தி வந்தது. வன்னியில் இருந்தவர்கள் அதற்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்தார்கள். தலைக்கு மேலே அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு பதுங்குகுழிக்குள் இருந்த ஒருவருக்கு, மேலே இருப்பது எல்லாவற்றையும் காண்கிறது, எதற்கும் அசையாது என்றே தோன்றும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பார்வையோடு ஒரு பொறியியல் பொருளை ஆராய முடியாது.

அமெரிக்கத் தரைப்படையின் அக்கீலா திட்டத்தைப் பாருங்கள். பீரங்கிகளுக்கு இலக்குக் காட்டும் சிறிய வானூர்தியாக 1970களில் தொடங்கியது அது. பிறகு இரவுக் கமரா வேண்டும், லேசர் வேண்டும், எதிரியின் அலைத்தடைக்கு அடங்காத தொடர்பு வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். எல்லாம் அந்தச் சின்ன உடலுக்குள். நூறு கோடி டொலருக்கு மேல் செலவழிந்த பின்னரும், 105 சோதனைப் பறப்புகளில் எதிர்பார்ப்பை நிறைவேற்றியவை 7 மட்டுமே. 1987இல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் மலிவான எளிய வேவு வானூர்திகளைக் கொண்டு சிரியாவின் ஏவுகணை நிலைகளைக் கண்டறிந்து காட்டியிருந்தது. பணம் இருந்தால் எதையும் செய்துவிடலாம் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

இணைப்பு இருக்கும்போதே அதில் உள்ள சிக்கலை முதலில் பார்ப்போம். தொலைதூரத்தில் பறக்கும் பெரிய வானூர்திகள் செய்மதி ஊடாகவே கட்டுப்படுத்தப்படுகின்றன. பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. கமராக் காட்சி மேலே போய்க் கீழே வரக் கால் செக்கன். விமானி கொடுக்கும் கட்டளை அதேபோல் திரும்பிப் போக இன்னொரு கால் செக்கன். இடையில் உள்ள கணினிகள் எடுக்கும் நேரம் வேறு. ஒளியின் வேகத்தை எந்த ஆராய்ச்சி நிலையத்தாலும் கூட்ட முடியாது. இதனால்தான் அமெரிக்காவின் பிரிடேட்டர் வகை வானூர்திகளை ஏற்றி இறக்க ஓடுபாதைக்கு அருகிலேயே தனிக் குழு ஒன்றை வைத்தார்கள். ‘ஆளில்லா’ என்று பெயர் இருந்தாலும், ஒரு பகுதியை 24 மணித்தியாலமும் விடாமல் கண்காணிக்க விமானிகள், கமரா இயக்குநர்கள், திருத்துநர்கள், படம் பார்த்துப் பொருள் சொல்பவர்கள் என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் தேவைப்படுகிறார்கள்.

அந்த மனிதர்கள் இருக்கும் அறைக்குள் என்ன நடக்கலாம் என்பதற்கு 2006 ஏப்ரல் 25ஆம் திகதி அதிகாலை அரிசோனாவில் நடந்த விபத்தை விடத் தெளிவான சான்று இல்லை. எல்லைக் கண்காணிப்பில் இருந்த பிரிடேட்டர் பி வானூர்தி நொகாலெஸ் என்ற ஊருக்கு அருகே விழுந்தது. தரையில் இருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒரே மாதிரியான இரண்டு மேசைகள் அருகருகே இருந்தன. ஒன்றில் விமானி, மற்றதில் கமரா இயக்குநர். இரண்டிலும் ஒரே லீவர். விமானியின் மேசையில் அது இயந்திரத்துக்கு எரிபொருளைத் திறக்கும், மூடும். கமரா மேசையில் அதே லீவர் கமராவின் ஒளித்துளையைச் சரிசெய்யும். விமானியின் கணினி உறைந்து நின்றபோது அவர் கட்டுப்பாட்டைப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். மாற்றுமுன் இரண்டு லீவர்களும் ஒரே நிலையில் உள்ளனவா என்று பார்க்கும்படி சரிபார்ப்புப் பட்டியல் சொல்லியிருந்தது, அது பார்க்கப்படவில்லை. கமராவுக்காக வைக்கப்பட்டிருந்த அந்த நிலை, இயந்திரத்தின் மொழியில் ‘எரிபொருளை நிறுத்து’ என்பதாக இருந்தது. இயந்திரம் நின்றது. மின்சாரத்தைச் சேமிக்க வானூர்தி தன் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தது. அவற்றில் செய்மதித் தொடர்பும் ஒன்று. உயரம் குறையக் குறைய நேரடி வானொலித் தொடர்பும் மறைந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை புலனாய்வு செய்த முதலாவது ஆளில்லா வானூர்தி விபத்து இதுவே.

ஏவுகணையோ எதிரியோ இல்லாத ஒரு வானில், ஒரு லீவரின் நிலையால் இது நடந்தது. எதிரியும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 2009இல் ஈராக்கில் ஆயுதக் குழுவினர், 26 டொலருக்கு விற்ற ஒரு மென்பொருளைக் கொண்டு அமெரிக்க வானூர்திகளின் காட்சிகளைத் தங்கள் மடிக்கணினிகளில் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. காட்சி அலை குறியாக்கம் செய்யப்படாமலே வந்துகொண்டிருந்தது! 2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கியூ-170 என்ற ஆளில்லா வேவு வானூர்தி அதிகம் சேதமுறாத நிலையில் ஈரானின் கையில் சிக்கியது. தாமே அதன் கட்டுப்பாட்டைக் கைப்பற்றி இறக்கியதாக ஈரான் கூறியது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. எது உண்மையாக இருந்தாலும், அப்படிச் செய்வதற்கு வழி உண்டு என்பதை அடுத்த ஆண்டே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டொட் ஹம்ப்ரிஸ் குழு காட்டிவிட்டது. சிறிய ஆளில்லா உலங்குவானூர்தி ஒன்றுக்கு அவர்கள் போலி ஜிபிஎஸ் சமிக்ஞையை அனுப்பினார்கள். தான் உயர்ந்துகொண்டு போவதாக நம்பிய அது, அதைச் சரிசெய்யத் தரையை நோக்கி இறங்கத் தொடங்கியது.

ஜிபிஎஸ் செய்மதிகள் 20,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பதால், அவற்றின் சமிக்ஞை தரையை அடையும்போது மிக மிக நலிந்திருக்கும். அருகில் இருந்து சில உவாற்று வலுவில் கத்தும் ஒரு கருவி அதை அமுக்கிவிடும். இதற்கு மாற்றாக வேக மாற்றத்தை அளக்கும் ஆர்முடுகல் உணரியையும் திரும்பலை அளக்கும் கைரோவையும் வைத்துத் தன் இடத்தைத் தானே கணிக்கும் முறை இருக்கிறது. ஆனால் அதில் பிழை நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும். கீழே தெரியும் நிலத்தைக் கமராவால் பார்த்து, நினைவில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு அந்தப் பிழையைத் திருத்தலாம் என்பார்கள். வீதியும் ஆறும் கட்டடமும் உள்ள நாட்டில் அது சரிவரும். கோணேசர் மலையிலிருந்து நேர் கிழக்கே பாருங்கள்: நிக்கோபார் தீவுகள் வரை ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலாக வெறும் நீர். எந்த அலையை எந்த அலையோடு ஒப்பிடுவது? கடல் சூழ்ந்த நாடுகளுக்கு இது தனிச் சிக்கல். பெரிய நாடுகள் பாலைவனத்தில் சோதித்துக் கண்ட விடை நமக்கு அப்படியே பொருந்தாது.

உக்ரேன் போரில் இரு தரப்பும் வானொலி இணைப்பை அமுக்கும் ஜாமர்களைக் குவித்தபோது விளைந்த விடை வேடிக்கையானது. வானொலியையே விட்டுவிட்டு, மிக மெல்லிய ஒளியியல் நாரைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் 2024இலிருந்து பெருகின. பத்து, இருபது கிலோமீற்றர் நாரைச் சுமந்து போகும் அவற்றை எந்த ஜாமராலும் தொட முடியாது. 1970இல் சேவைக்கு வந்த டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் கம்பியை இழுத்துக்கொண்டு போனவைதாம். ஐம்பது ஆண்டு சுற்றி அங்கேயே வந்து நிற்கிறார்கள்.

நாரின் நீளத்துக்கு அப்பால் போக வேண்டுமானால் மீதமிருக்கும் வழி ஒன்றே: இணைப்பே தேவைப்படாதபடி கருவிக்குத் தீர்மானிக்கக் கற்றுக்கொடுப்பது. கடைசிச் சில நூறு மீற்றரில், மனிதன் குறித்துக் கொடுத்த இலக்கைக் கணினியே பின்தொடரும் முறை ஏற்கெனவே போர்க்களத்தில் இருக்கிறது. அடுத்த படி, இலக்கையும் கணினியே தெரிவு செய்வது. இதைப் பொறியியல் வெற்றி என்று கொண்டாடுபவர்களிடம் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். ஐந்து பாகைப் பார்வைக் கோணத்தில், 1,920 பிக்சல் (படப்புள்ளி) அகலமான கமரா ஒன்று, கொட்டியாரக் குடாவில் ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் உள்ள படகைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சியின் அகலம் ஏறக்குறைய 437 மீற்றர். ஒரு பிக்சலுக்கு 23 சென்ரிமீற்றர். ஆறு மீற்றர் பைபர் படகுக்கு 26 பிக்சல். அதில் குந்தியிருக்கும் மனிதனுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவன் கையில் இருப்பது வலையா வேறெதுவுமா என்பது அந்த இரண்டு பிக்சலுக்குள் இல்லை. இரவில் வெப்பக் கமராவை நம்பலாம் என்றால், நமது கடல் நீரின் வெப்பநிலை 28 பாகையைச் சுற்றி நிற்கிறது. மனிதத் தோலுக்கும் அதற்கும் சில பாகைகளே வித்தியாசம். வாடைக்காற்றுக் காலத்து மழையில் அந்த வித்தியாசமும் மங்கிவிடும். போர்க்காலத்தில் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடலுக்குப் போனவர்களுக்கு, தூரத்தில் இருந்து பார்ப்பவன் படகை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பார்ப்பவன் மனிதனாக இருந்தபோதே அப்படி.

தானியங்கும் ஆயுதங்கள் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2023 டிசம்பரில் 152 வாக்குகளோடு தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2012இல் வெளியிட்டு 2023இல் திருத்திய பணிப்புரை, பலப்பிரயோகத்தில் ‘பொருத்தமான அளவு’ மனிதத் தீர்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. பொருத்தம் எது என்பதை அந்தந்தப் படையே சொல்லிக்கொள்ளும் என்றால், அதை ஒரு கட்டுப்பாடு என்று ஏற்க என்னால் முடியவில்லை.

வரும் டிரோனைக் கண்டுபிடிப்பதும் ஒரு பெரும்பாடு. 2008 ஆகஸ்ட் 26 இரவு புலிகளின் இலகு விமானம் நமது துறைமுகக் கடற்படைத் தளத்தின் மீது குண்டு வீசிய நேரத்தில் ஊரில் இருந்தவர்களுக்கு வானமெங்கும் சீறிய வேட்டொளி நினைவிருக்கும். சிறியதாக, தாழ்வாக, மெதுவாகப் பறப்பதைப் பிடிப்பது ராடாருக்குக் கடினம். பறவைகளையும் அலைகளையும் விலக்குவதற்காகவே மெதுவாக அசைவனவற்றை அது வடிகட்டிவிடுகிறது. அன்று வந்தது விமானி அமர்ந்து ஓட்டியது. ஈரானில் உருவான இன்றைய சாகித் வகைத் தாக்குதல் டிரோனின் இறக்கை அகலம் இரண்டரை மீற்றர்தான். அதை வீழ்த்தப் பல லட்சம் டொலர் ஏவுகணையைச் செலவிட எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையிலும் ஆராய்ச்சி நடக்கிறது. ‘லிஹினியா’ என்ற பெயரில் உள்நாட்டு ஆளில்லா வானூர்தி ஒன்றும் உருவாக்கப்பட்டது. இன்னுமோர் இறக்கையும் இயந்திரமும் செய்வதில் பணத்தைப் போடுவதை விட, கடலின் மேல் வானொலி அலை எப்படி நடந்துகொள்கிறது, ஜிபிஎஸ் இல்லாமல் கடலில் திசையறிவது எப்படி, காணாமற்போன படகை மழைக்குள் கண்டுபிடிப்பது எப்படி என்பவற்றில் போடுவது மேல் என்பது என் கருத்து. படைக்கும் அது பயன்படும், படகில் போய்த் திரும்பாதவரைத் தேடும் குடும்பத்துக்கும் பயன்படும். உடலை எங்கிருந்தும் வாங்கலாம். வெதுவெதுப்பான கடலுக்கு மேல் நேராக வரும் வானொலி அலையும், நீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதைப் பற்றிய நம் கடலின் அளவீட்டை எவரும் நமக்கு விற்க மாட்டார்கள்.

இதற்கு டிரோனைப் பறக்கவிடக்கூடத் தேவையில்லை, அதனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதிக்கு அலைய வேண்டியதும் இல்லை. மூதூர்க் கரையில் சிறிய அனுப்பி ஒன்றையும், குடாவின் இந்தப் பக்கத்தில் வாங்கி ஒன்றையும் வைத்து, சோளகக் காலத்திலும் வாடைக் காலத்திலும் சமிக்ஞை எந்த நேரத்தில் எவ்வளவு நலிகிறது என்று பதிவு செய்துகொண்டே இருக்கலாம். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி போதும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பௌதிகமும் இலத்திரனியலும் படிக்கும் மாணவர் எவராவது இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அன்டெனா கட்டவும் விண்ணப்பம் நிரப்பவும் நான் துணைக்கு வருகிறேன்.