12 மணிக்கு நிழல் மறையுமா?
"மதியம் 12 மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலே இருக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம், வெயிலில் இறங்கியதுமே பிள்ளை கண்டுபிடித்துவிடும். சென்னையில் அப்படி நடப்பது ஆண்டுக்கு இரண்டே நாள்: ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொன்று. அன்றும் சரியாக 12-க்கு அல்ல, சில நிமிடம் கழித்து. டிசம்பர் 21 உச்சிவேளையில் 1 மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 74 செ.மீ. நிழல் வடக்கே விழும். ஜூன் 21 அன்று 18 செ.மீ.தான், அதுவும் தெற்கே! சூரியன் நேர் உச்சிக்கு வரும் வடக்கு எல்லை கடக ரேகை; அதற்கும் வடக்கே இருக்கும் டெல்லியில் நிழலில்லா நாளே கிடையாது.

சின்னப் பிள்ளைகளுக்கு "சூரியன் உயர உயர நிழல் குட்டையாகும்" என்பதே போதும். இருட்டறையில் ஒரு டம்ளரை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல மேலே தூக்கிக் காட்டுங்கள். பல எல்.இ.டி. பதித்த டார்ச் என்றால் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். செல்போன் விளக்கு தேவலை. வெளியே குச்சி நட்டால் தூக்குக்குண்டு (நூலில் கட்டித் தொங்கவிட்ட எடை) பிடித்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் அளவு பொய். 11.40 முதல் 12.40 வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் கோடு. எப்போது மிகக் குட்டையோ அதுதான் உச்சிவேளை.