காரில் இரவு தூங்கிக் காத்திருப்பவர்களின் மைதானம்

நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ் பிளாக் கோல்ஃப் மைதானத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. மிகக் கடினமான மைதானம் இது, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்கிறது. பரிந்துரைதான், தடை இல்லை. எனக்கு அந்த இடத்தின் மீது இவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான். அது அரசுப் பூங்கா. உறுப்பினரா என்று யாரும் கேட்பதில்லை. முதல் நாள் இரவே வந்து, எண் போட்ட இடத்தில் காரை நிறுத்தி, அதிலேயே படுத்துத் தூங்கி, விடியற்காலையில் தங்கள் முறையைப் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு பையைத் தோளில் சுமந்து பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆட வேண்டும், வண்டி கிடையாது.

பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்றோருக்கான நிவாரணப் பணியாக உருவாகி 1936இல் திறக்கப்பட்ட மைதானம் அது. 2002இல் கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான அமெரிக்க ஓபன் அங்கே நடந்தது. அரசுக்குச் சொந்தமான மைதானத்தில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. அதற்காக மைதானத்தைச் சீரமைத்த வடிவமைப்பாளர் ரீஸ் ஜோன்ஸ் தமக்கென்று கட்டணம் வாங்கவில்லை. பலகை சொன்னது பொய்யில்லை என்பதும் அந்த வாரம் தெரிந்தது. நான்கு நாள் முடிவில் பாருக்கு, அதாவது மைதானத்துக்கென்று நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கைக்கு, கீழே நின்றவர் டைகர் உட்ஸ் ஒருவர்தான், அதுவும் மூன்றே அடிகள். நாம் திணறிய அதே புல்லில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களும் திணறுவதைப் பார்ப்பது, தனியார் கிளப் எதுவும் தர முடியாத நிறைவு.

அதனால்தான் அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பை 2025இல் என்னை வருத்தியது. அதே மைதானம். போட்டி நாள் ஒன்றுக்கு டிக்கெட் ஏறக்குறைய 750 டாலர். அங்கே ஒரு நாள் ஆட மாநிலத்தவர் கட்டுவது நூறு டாலருக்கும் குறைவு. ஆடுவதற்கு ஆகும் செலவைப் போல ஏழு மடங்குக்கு மேல், கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பதற்கு! போட்டிக்காக மைதானத்தை மூடியபோது பொறுத்துக்கொண்டவர்களும் இதே மக்கள்தானே?

பெரிய போட்டிகள் பொது மைதானங்களுக்கு இன்னும் நிறைய வர வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் வரும்போது, டிக்கெட்டில் ஒரு பங்கை அந்த மாநிலத்தவருக்கு, அவர்கள் அங்கே ஆடக் கட்டும் அதே விலைக்கு ஒதுக்க வேண்டும். காரில் தூங்கிக் காத்திருந்து ஆடுகிறவர்களுக்கு முதலில்.