நடுவுல சைபர்னா எவன் இழுப்பான்?

(மேட்டுப்பாளையம். மருந்துக்கடை. மலை ரயிலின் நீராவி எஞ்சினில் கரி போடும் பயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், மருந்துச் சீட்டை மூக்கருகே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.)

பெரியவர்: ஏந்தம்பி, இந்த டாக்டருக்கு எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாதாட்ட இருக்குது.

கடைக்காரர்: அவரு மூட்டு டாக்டருங்கய்யா.

பெரியவர்: பின்ன எதுக்கு 1-0-1ன்னு எழுதறாரு? ஒத்தப்படையில சக்கரம் எங்கயாச்சும் உண்டா? ரெண்டு பக்கமும் சேத்தியில்ல எண்ணோணும்!

கடைக்காரர்: காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணுங்க.

பெரியவர்: அதேதான் நானும் சொல்றேன். எஞ்சினுக்குச் சக்கரக் கணக்கை இப்படித்தான் மூணு நம்பரா எழுதுவாங்க. முன்னால, நடுவுல, பின்னால. இழுக்கறது நடுச் சக்கரம். அங்க சைபர்னா எவன் இழுப்பான்? டபிள்யூ.பி. எஞ்சின் கேள்விப்பட்டிருக்கியா? 1947ல வந்தது, மூக்குல நட்சத்திரம். 4-6-2. முன்னால நாலு, வளைவுல வழி காட்டும். நடுவுல ஆறு, ஒவ்வொண்ணும் அஞ்சரை அடி உசரம். பின்னால ரெண்டு, அடுப்பைத் தாங்கும். மெயில் வண்டின்னா அதுதான்.

கடைக்காரர்: கூட்ஸுக்குங்க? (கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.)

பெரியவர்: டபிள்யூ.ஜி., 2-8-2. சக்கரம் சின்னது, ஆனா எட்டு. ஓட்டம் கம்மி, இழுவை சாஸ்தி. செரி, நம்ம மலை எஞ்சின் என்ன, சொல்லு?

கடைக்காரர்: 0-8-2ங்க.

பெரியவர்: அட! எப்படித் தெரியும்?

கடைக்காரர்: போன மாசம் இருமல் டானிக் வாங்கறப்பவும் இதேதானுங்க சொன்னீங்க.

பெரியவர்: முன்னால ஏன் சைபர்னு சொன்னனா? ஊர்ந்து போற வண்டிக்கு வழிகாட்டி எதுக்கு? பாரம் எட்டு மேல உக்காந்தாத்தான் பிடிமானம். கல்லாறு தாண்டுனா 12 அடிக்கு ஒரு அடி ஏத்தமப்பா! அங்க பல் தண்டவாளத்தைக் கவ்வ அடியில பல் சக்கரம் இருக்குது, அதை இந்தக் கணக்குல சேக்கறதில்ல. பெட்டியெல்லாம் முன்னால, நாங்க பின்னால இருந்து குன்னூர் வரைக்கும் தள்ளோணும். தள்ளித் தள்ளித்தான் இந்த முட்டி போச்சு.

கடைக்காரர்: எஞ்சின்தானுங்களே தள்ளுச்சு?

பெரியவர்: கரி உங்கொப்பனா போட்டாரு?

கடைக்காரர்: (மாத்திரையை உறையில் போட்டபடி) தப்புத்தானுங்க.

பெரியவர்: இரு, இரு. கடைசியில 0-0-1னு ஒண்ணு இருக்குதே? வெறும் பின் சக்கரத்தை வெச்சுட்டு என்ன பண்றது?

கடைக்காரர்: அது தூக்க மாத்திரைங்க. ஷெட்டுல போய்ப் படுக்கறதுக்கு இழுக்கற சக்கரம் எதுக்குங்கய்யா?