ஐந்தொகையில் (வரவு செலவுக் கணக்கில்) இடிக்கிற பெட்ரோல்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு தேவகோட்டையைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமம். கடைசி டவுன் பஸ் எட்டு மணியோடு சரி. அன்றைய வரவு செலவை நேர்செய்து நான் கடையை விட்டு இறங்க ஒன்பதரை ஆகும். ஆகவே "பஸ்ல போகலாமே" என்று யாரும் கமென்ட்டில் வர வேண்டாம்.

போக வர 50 கிலோமீட்டர். என் பழைய வண்டிக்கு அது ஒரு லிட்டர். மாதம் 26 நாள், 26 லிட்டர். சம்பளம் 14,000.

கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? 2025 ஏப்ரல் ஏற்றத்துக்குப் பிந்தைய பெட்ரோல் வரியை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். லிட்டருக்கு ஒன்றிய அரசின் கலால், அதாவது உற்பத்தி மேல் போடும் வரி, 21 ரூபாய் 90 காசு. அதற்கு மேல் மாநிலத்தின் விற்பனை வரியான வாட் 13 சதவீதம், அது போகத் தனியாக 11 ரூபாய் 52 காசு. அந்த 13 சதவீதத்தையும் கலால் சேர்ந்த விலை மேல்தான் போடுகிறார்கள். வரிக்கு வரி! வட்டிக்கு வட்டி பார்த்த ஊர், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் எல்லாம் சேர்த்தால் லிட்டருக்கு நாற்பது ரூபாய்க்குக் குறையவில்லை.

விலை ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காததுதான் வயிற்றெரிச்சல். 2020 மே மாதம், ஊரடங்கில் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குக் கிடந்தபோது, ஒரே ராத்திரியில் பெட்ரோல் கலாலை 10 ரூபாய் ஏற்றினார்கள். பங்க் விலை ஏறவில்லையே, உனக்கென்ன நஷ்டம் என்றார்கள். எனக்கு வர வேண்டிய தள்ளுபடியை நடுவிலேயே வரவு வைத்துக்கொண்டால், அதற்கு எங்கள் கடையில் வேறு பேர். பிறகு 2021இல் 5, 2022இல் 8 என்று குறைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் 2014இல் இதே கலால் 9 ரூபாய் 48 காசுதான்.

மாநிலமும் யோக்கியமில்லை. 2021 தேர்தலில் திமுக 5 ரூபாய் குறைப்போம் என்றது, ஜெயித்து வந்து ஆகஸ்டில் குறைத்தது 3. கேட்டால் டெல்லியைக் கைகாட்டுவார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு: கலாலில் மாநிலங்களோடு பங்கு போடுவது 1 ரூபாய் 40 காசு அடிப்படை வரியை மட்டும்தான், மிச்சமெல்லாம் செஸ் (தனிக் காரியத்துக்கென்று வாங்கும் வரி), கூடுதல் வரி. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வருமா என்றால் இரண்டு பக்கமும் கப்சிப்.

இன்னோவாவில் போகிறவருக்கும் லிட்டருக்கு அதே வரி, புதுவயல் அரிசி மில்லுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் போகிற ஆளுக்கும் அதே வரி. இதில், வருமான வரி கட்டாதவனுக்கெல்லாம் இலவசம் எதற்கு என்று பதிவு போடுகிற அண்ணன்மார்களே, அந்த 2025 கணக்குப்படி நான் பெட்ரோலில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரி கட்டியிருக்கிறேன். ரசீதுதான் கிடையாது.

இந்த மாதத்திலிருந்து வீட்டு நோட்டில் பெட்ரோலை இரண்டு வரியாகப் பிரித்து எழுதுகிறேன்: எண்ணெய் இவ்வளவு, வரி இவ்வளவு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பரவாயில்லையே, நீங்களும் வரி கட்டுற ஆளாயிட்டீங்க."