இன்ஜினியரிங் பிஎச்.டி.யா, இயற்பியல் பிஎச்.டி.யா?

"இன்ஜினியரிங்கில் பிஎச்.டி. பண்ணினால் வேலை நிச்சயம், இயற்பியலில் பண்ணினால் வாத்தியார் வேலைதான்" என்று சொல்கிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள். பட்டத்துக்குப் பிறகு என்ன சம்பளம் என்று பார்க்கிறார்கள், சரி. பட்டம் இல்லாமலே என்ன கிடைத்திருக்கும் என்று பார்ப்பதில்லை.

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த நல்ல மாணவருக்கு வேலை வாசல் அப்போதே திறந்திருக்கிறது. பிஎச்.டி.க்காக ஐந்தாறு வருஷம் ஃபெல்லோஷிப் என்கிற ஆய்வு உதவித்தொகையில் உட்கார்ந்தால் அந்தச் சம்பளம் போச்சு. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவருக்கு அப்படி இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 2023 முதல், ஆய்வின் ஆரம்ப வருஷங்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு வரும் எஸ்.ஆர்.எஃப். 42,000. வெறும் எம்.எஸ்சி.யோடு தனியார் கல்லூரிக்கோ டியூஷன் சென்டருக்கோ போனால் பலருக்கு அதில் பாதிகூட வராது. கடைசியில் இன்ஜினியர்தான் அதிகம் சம்பாதிப்பார், மறுக்கவில்லை. ஆனால் பிஎச்.டி.யால் வாழ்க்கை ஒரு படி ஏறுவது பெரும்பாலும் இயற்பியல்காரருக்குத்தான்.

கல்லூரி வேலையில் கதை வேறு. தொழில்நுட்பக் கல்லூரிகளை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇயின் விதிப்படி இன்ஜினியரிங் உதவிப் பேராசிரியருக்கு எம்.இ. போதும், இணைப் பேராசிரியர் ஆகத்தான் பிஎச்.டி. கட்டாயம். அதனால் வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாக முடித்துவிடுகிறார்கள். அதே கல்லூரியில் இயற்பியல் முனைவர் 'எஸ் அண்ட் எச்' (சயின்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ்) துறையில் முதலாண்டுப் பாடம் நடத்தியே காலம் தள்ளுவார். சொந்தமாக ஒரு டிகிரி இல்லாத துறை, நிர்வாகத்துக்கு எப்போதும் இரண்டாம்பட்சம்.

என்னைக் கேட்டால் பெரிய பிளவு இந்த இரண்டு துறைகளுக்கும் நடுவில் இல்லை, இயற்பியலுக்குள்ளேயே, லேபில் சோதனை செய்பவருக்கும் தியரி பண்ணுபவருக்கும் நடுவில் இருக்கிறது. தின் ஃபிலிம், வாக்யூம் சேம்பர், லேசர் என்று மல்லுக்கட்டியவருக்கு செமிகண்டக்டர் பக்கம் வழி உண்டு. 2023இல் அறிவித்த தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஆறாயிரம் கோடி ரூபாய்; அதில் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில்தான். அங்கே இரு துறைக்காரர்களும் வேண்டும். ஸ்ட்ரிங் தியரி மாதிரி வெறும் கணக்கிலேயே ஓடும் தியரி பண்ணியவருக்கோ, பிஎச்.டி.க்குப் பிறகு போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆய்வு வேலை, அது முடிந்தால் இன்னொரு போஸ்ட்டாக். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் (ஐ.எம்.எஸ்.சி.) மாதிரி இடங்கள் நாட்டிலேயே சில, காலியிடங்கள் அதைவிடக் குறைவு. புரோகிராமிங் நன்றாக வந்தால் டேட்டா சயன்ஸுக்குத் தாவலாம், பலர் தாவியும் விட்டார்கள்.

இன்னொன்று, எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களை ஐஐடிகளில் மெட்டீரியல்ஸ் மாதிரி இன்ஜினியரிங் துறைகளிலும் பிஎச்.டி.க்கு எடுக்கிறார்கள். இது நம் கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம், சேருவதற்கு முன்னால் அந்த லேபில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கைடிடம், அதாவது ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரிடம் அல்ல, சீனியரிடம். கைடு நன்றாக வந்தவர்கள் பெயரை மட்டும்தான் சொல்வார்.