ரிவர்ஸ் இல்லாத காடி

(பினாங்கு, ஆயர் ஈத்தாம். சுப்பையா வீட்டு போர்ச். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த இசெட்டா காடி, சுவரை முகர்ந்துகொண்டு நிற்கிறது. உள்ளே இருப்பதே ஒரு பெஞ்ச் சீட்டுதான். அதில் சுப்பையாவும், வாங்க வந்த ரவியும்.)

ரவி: நல்லாத்தான் ஓடுது அங்கிள். இறங்கிப் பேசலாமா?

சுப்பையா: என்ன அவசரம் தம்பி? பசியாறிவிட்டீர்களா?

ரவி: ஆச்சு, ரொட்டி சானாய். இறங்கலாம் அங்கிள், முழங்கால் தாடையை இடிக்கிறது.

சுப்பையா: இதன் கதவைக் கவனித்தீர்களா? காடியின் முகமே கதவு. திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே ஒதுங்கி வழிவிடும். எந்தக் காடியில் இந்த மரியாதை கிடைக்கும்?

ரவி: கவனித்தேன். கதவுக்கு எதிரே சுவர் இருக்கிறது, அதையும் கவனித்தேன். கொஞ்சம் பின்னால் எடுங்கள்.

சுப்பையா: (தொண்டையைச் செருமி) அதற்கு முன்னால் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ஈசோ என்று ஒரு கம்பெனி, குளிர்சாதனப் பெட்டி செய்தவர்கள். இந்தக் காடியைக் கொண்டுவந்தது அவர்கள்தான், 1953-இல்.

ரவி: கதவைப் பார்த்ததுமே நினைத்தேன். பால், முட்டை எல்லாம் எங்கே வைப்பது?

சுப்பையா: கிண்டல் வேண்டாம். அவர்களிடம் உரிமம் வாங்கி பிஎம்டபிள்யூ செய்தது, 1955-லிருந்து, தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போட்டு. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் விற்றது. பிஎம்டபிள்யூவிடம் உரிமம் வாங்கி, 1957-லிருந்து இங்கிலாந்தில் பிரைட்டனில் செய்தார்கள். இது அந்த பிரைட்டன் காடி.

ரவி: ஆக, பிஎம்டபிள்யூ. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும்போது பேனரில் அதை மட்டும் பெரிதாகப் போடலாம்.

சுப்பையா: போடுங்கள்! பொண்ணு மாலையும் கழுத்துமாக நேராக மண்டபத்துக்குள் இறங்கலாம். சேலை கதவில் மாட்டாது.

ரவி: மண்டபச் சுவருக்கு நேராக நிறுத்திவிட்டால் தாலியும் காடிக்குள்ளேயேதான் கட்ட வேண்டும். பின்னால் எடுங்கள் அங்கிள்.

சுப்பையா: அந்த பிரைட்டன் தொழிற்சாலை இருக்கிறதே, பழைய ரயில் பட்டறை. அதற்குச் சாலையே கிடையாது! சாமான் ரயிலில் வந்தது, காடியும் ரயிலிலேயே போனது.

ரவி: காடி செய்கிற இடத்துக்குச் சாலை இல்லையா?

சுப்பையா: இல்லை. அப்புறம்... ரிவர்ஸும் இல்லை.

(அமைதி. ரவி கியரைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார்.)

ரவி: என்ன இல்லை?

சுப்பையா: கோபப்படாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரே சக்கரம், மொத்தம் மூன்று. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி, மூன்று சக்கரம் இருந்து ரிவர்ஸ் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் லைசன்ஸே போதும். அதற்காக ரிவர்ஸை அடைத்து விற்றார்கள். நான் எப்போதும் வெளியிலேயே இறங்கி, கையால் தள்ளித்தான் உள்ளே விடுவேன். இன்றைக்கு உங்களோடு பேசிக்கொண்டே நேராக நுழைந்துவிட்டேன்.

ரவி: மோட்டார் சைக்கிள் என்றால் பினாங்கு பாலத்தில் டோல் கேட்க மாட்டார்களா? 2019-லிருந்து அவர்களுக்கு இலவசம்தானே.

சுப்பையா: பாருங்கள், வியாபாரி மூளை!

ரவி: காடி ஏன் என் பக்கம் சாய்கிறது?

சுப்பையா: எஞ்சின் வலது பக்கம், ஓட்டுபவரும் வலது பக்கம். சமன் செய்ய இடது பக்கம் எடை வைத்தே அனுப்பினார்கள். அதற்கு மேல் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ரவி: வீட்டில் அக்காவைக் கூப்பிடுங்கள், வந்து தள்ளட்டும்.

சுப்பையா: தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். 513 படி ஏறி, 513 படி இறங்கி, கீழே வந்து இளநீர் குடித்து... அதற்குள் விலையை முடித்துவிடலாம். 45,000 வெள்ளி.

ரவி: வெளியே வர முடியாத காடிக்கா? 30.

சுப்பையா: 44. வேர்க்கிறதா தம்பி? எனக்குப் பழகிவிட்டது.

ரவி: (சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி) 38. இதற்கு மேல் என்னால் மூச்சுவிட முடியாது.

சுப்பையா: 43 என்று சொல்லுங்கள், ஒரு ரகசியம் சொல்கிறேன்.

ரவி: (அண்ணாந்து பார்க்கிறார்) மேலே இது துணிதானே?

சுப்பையா: ...ஆமாம். அவசர வழி. விலை படிந்தபின் காட்டலாம் என்றிருந்தேன்.

(ரவி கூரைத் துணியை மடித்துத் தள்ளி, சீட்டில் ஏறி நிற்கிறார். ஒரு கால் சுப்பையாவின் தோளில், இன்னொரு கால் எங்கே என்று சொல்லாமல் விடுவதே நாகரிகம். ஒருவழியாக வெளியே குதிக்கிறார்.)

சுப்பையா: நல்லது. இப்போது சுவருக்கும் காடிக்கும் நடுவில் கையை விட்டு அப்படியே தள்ளுங்கள். லேசான காடிதான்.

ரவி: நீங்களும் மேலே வாருங்களேன் அங்கிள்.

சுப்பையா: எனக்கு மூட்டுவலி தம்பி, தெரியாதா?

ரவி: இப்போது தெரிந்துகொண்டேன். என்ன விலை சொன்னீர்கள்?

சுப்பையா: 43.

ரவி: முனையில் மாமாக் கடை திறந்திருக்கிறது. ஒரு தே தாரே குடித்துவிட்டு நிதானமாக யோசித்துச் சொல்கிறேன்.

சுப்பையா: 40! தம்பி! 40!

ரவி: உங்களுக்கும் ஒன்று கட்டிக்கொண்டு வரவா? சீனி போடலாமா?

சுப்பையா: 36. சீனி வேண்டாம்.